கில்மேனம் சிறை, டப்ளின்: அந்த ஒரு மணி நேரச் சுற்றில் எதைத் தவறவிடக் கூடாது

முதலில் டிக்கெட். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கில்மேனம் சிறைக்குள் வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக முடியும், தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். பெரியவர்களுக்கு 8 யூரோ. நடத்துவது அயர்லாந்து அரசின் பொதுப்பணி அலுவலகம். 28 நாளுக்கு முன்பு, அயர்லாந்து நேரம் நள்ளிரவில், அவர்களுடைய இணையதளத்தில் டிக்கெட் திறக்கும். கோடைக்காலத்தில் அன்றே தீர்ந்துபோவது சகஜம். கிடைக்கவில்லை என்றால் போக நினைக்கும் நாளன்று காலை 9.15 முதல் 9.30க்குள் பாருங்கள். ரத்தான டிக்கெட்டுகளை அப்போதுதான் விடுவார்கள். இடைத்தரகர்கள் நகர்ச் சுற்றுலாவோடு சேர்த்து விற்பது விலை அதிகம், உள்ளே கிடைப்பதோ அதே ஒரு மணி நேரம்தான்.

சிவப்புத் தட லுவாஸ் டிராமில் ஷூர் ரோடு நிறுத்தம் பக்கம். கொஞ்சம் கூடுதலாக நடக்கலாம் என்றால் ஹியூஸ்டன் நிலையத்தில் இறங்குவதே மேல். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த ஷான் ஹியூஸ்டன் ரயில்வே குமாஸ்தா. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916ல் டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் இறங்கியதற்காக, மே 8 அன்று இதே சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்.

உடைக்கு வருவோம். ஜூலையிலும் மேல்சட்டை தேவை. 1796ல் திறந்த சிறையின் பழைய மேற்குப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஈரம் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் ஜன்னல்களுக்குக் கண்ணாடியே கிடையாது. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் கைதிக்கு ஒரு மெழுகுவத்தி, அதையும் இரண்டு வாரம் ஓட்ட வேண்டும். தரை மேடுபள்ளமாக இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம்.

இந்த மேற்குப் பகுதியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். இருட்டு நடைபாதை, வரிசையாகக் கதவுகள், இரண்டு படம் எடுத்துவிட்டு வழிகாட்டியின் பின்னால் ஓட்டம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் சாட்சி இந்த நடைபாதைதான். 1845ல் கருகல் நோய் விளைச்சலை அழித்தது. பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1851ல் 65 லட்சம். 1847ல் வந்த நாடோடிகள் சட்டம் பிச்சை எடுப்பதையே குற்றமாக்கியது. சட்டம் போட்டவர்கள் எதிர்பார்க்காதது, பட்டினி கிடந்தவனுக்குச் சிறையே சத்திரமாகத் தெரிந்ததுதான். உள்ளே ரொட்டி உண்டு, ஓட்ஸ் கஞ்சி உண்டு. வேண்டுமென்றே திருடிப் பிடிபட்டு வந்தார்கள். அறைகள் நிரம்பி வழிந்தன. பெண்களும் குழந்தைகளும் இதே நடைபாதையில் வைக்கோல் மேல் படுத்தார்கள். சுற்றின் வேகத்தில் இதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கூட்டத்தின் கடைசி ஆளாக நடந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

கிழக்குப் பகுதி இதற்கு நேர் எதிர். 1860களின் தொடக்கத்தில் கட்டியது, 96 அறைகள், கண்ணாடிக் கூரை, நடுவில் நின்றால் எல்லாக் கதவும் ஒரே பார்வையில் விழும். சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம். எல்லோரும் படம் எடுக்கும் இடமும் இதுதான், ஆகவே கேமராவை இதுவரை பைக்குள் வைத்திருக்கலாம். 1923ல் இங்கே கைதியாக இருந்த கிரேஸ் கிஃபர்ட் அறைச் சுவரில் மாதாவும் குழந்தையும் வரைந்தார். கதவுத் துளை வழியாக எட்டிப் பாருங்கள். 1916ல் எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டை மணந்ததும் இவர்தான், இதே சிறையின் தேவாலயத்தில். சில மணி நேரத்தில் மாப்பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள்.

கல்லுடைக்கும் முற்றம்தான் சுற்றின் உச்சம். 1916 மே 3 முதல் 12 வரை எழுச்சிக்காரர்கள் 14 பேரைப் பிரிட்டிஷ் படை இங்கே சுட்டது. இரண்டு சிலுவைகள் நிற்கின்றன. ஒரு கோடியில் இருப்பது 13 பேருக்கு. வாசலை ஒட்டியிருப்பது ஜேம்ஸ் கொனொலிக்கு. கணுக்காலில் குண்டுக் காயம், நடக்க முடியாது. ஆம்புலன்சில் கொண்டுவந்து, வாசலருகிலேயே நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். அவருக்குத் தனிச் சிலுவை வந்த காரணம், மறு கோடி வரை அவரால் நடக்க முடியாத அந்தத் தூரம்தான். வழிகாட்டிகள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நன்றாகவே பேசுவார்கள்.

கொனொலி தொழிற்சங்கக்காரர் என்பது மட்டும் ஒரு வாக்கியத்தோடு போய்விடும் ஆபத்து உண்டு. 1913 ஆகஸ்டில் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தொடங்கிய முதலாளிகளின் கதவடைப்பு அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை நீண்டது. அவருடைய குடிமக்கள் படை அந்தத் தெருச் சண்டையில், போலீஸ் தடியடிக்கு எதிராகப் பிறந்ததுதான். அன்று டப்ளினில் சுமார் 20,000 குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரே ஓர் அறையில் வாழ்ந்தன. இந்தப் பக்கம் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் நகரின் வடக்கே 14 ஹென்ரியட்டா தெரு வீட்டையும் பாருங்கள். 1911ல் அந்த ஒரே வீட்டில் நூறு பேர் இருந்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் அந்த வீட்டை முதலில் பார்ப்பதுதான் சரி.

குறை என்று சொன்னால், 1921ல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் மோதிய உள்நாட்டுப் போருக்குப் போதிய நேரம் கிடைக்காததுதான். 1922 நவம்பர் 17 அன்று, ரிவால்வர் வைத்திருந்த குற்றத்துக்காக, நான்கு இளைஞர்களை இதே சிறையில் சுட்டது பிரிட்டன் அல்ல, புதிய அயர்லாந்து அரசு. அந்தப் போரில் அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் 77 என்பது வழக்கமான கணக்கு, 81 என்போரும் உண்டு. இந்த விஷயத்தில் தயக்கம் பழையது. 1924ல் மூடிப் பாழடைந்த சிறையை 1960ல் தன்னார்வலர்கள் கூலியில்லாமல் சீரமைக்கத் தொடங்கியபோது, 1921க்குப் பிந்தையதைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு தரப்பு ஆட்களும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்ய வேண்டியிருந்ததே! இன்று மறைப்பதில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் அதன் முறை வருவதற்குள் கடிகாரம் முந்திவிடும். நால்வரைப் பற்றி நீங்களாகக் கேளுங்கள், பதில் வரும்.

அருங்காட்சியகம் மூன்று தளம், டிக்கெட்டில் அடக்கம். குறைந்தது 45 நிமிடம் வேண்டும், அதனால் நாளின் கடைசிச் சுற்றை எடுக்காதீர்கள். பிறகு டிராமில் மியூசியம் நிறுத்தம், அங்கிருந்து நடை தூரத்தில் ஆர்பர் ஹில். அந்த 14 பேரும் அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் புதைக்கப்பட்டார்கள். கட்டணம் கிடையாது, வரிசையும் கிடையாது.