டேஷ் 6, டேஷ் 8, டேஷ் 10: டர்போ ஏற்றிய எல்எஸ் இன்ஜினுக்கு எந்த எரிபொருள் குழாய்?

அமெரிக்காவில் பழைய கார்களிலும் பிக்கப் வண்டிகளிலும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 இன்ஜினைப் பொருத்தி, அதற்கு டர்போவும் சேர்ப்பவர்கள், எரிபொருள் குழாய் வாங்கும் கட்டத்தில் பெரும்பாலும் டேஷ் 6, டேஷ் 8, டேஷ் 10 ஆகிய மூன்று அளவுகளுக்கு நடுவே தயங்குகிறார்கள். ராணுவ விமானங்களுக்காக வகுக்கப்பட்ட ஏஎன் என்ற குழாய் அளவுத் தரத்தில், டேஷுக்குப் பின் வரும் இந்த எண் உலோகக் குழாயின் வெளிவிட்டத்தைப் பதினாறில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்கிறது. எனவே 6 என்றால் 3/8 அங்குலம், 8 என்றால் அரை அங்குலம், 10 என்றால் 5/8 அங்குலம். ரப்பர் ஹோஸில் உள்விட்டம் முறையே ஏறத்தாழ 8.7, 11, 14 மில்லிமீட்டர் இருக்கும்.

குதிரைத்திறனுக்கு நேராகக் குழாய் அளவைப் போட்டுத் தரும் அட்டவணைகளை நான் அதிகம் நம்புவதில்லை. குழாயில் ஓடுவது குதிரைத்திறன் அன்று, பம்ப் தள்ளும் எரிபொருள். டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் எரிக்கும் என்று கொண்டால், 700 குதிரைத்திறனுக்கு மணிக்கு 420 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 255 லிட்டர் வேண்டும். ஆனால் மிஞ்சும் எரிபொருளை இன்ஜின் பக்கத்திலிருந்து டாங்கிக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள அமைப்பில், இன்ஜினுக்குத் தேவை எவ்வளவாக இருந்தாலும், பம்ப் தள்ளுவது முழுவதும் முன்செல்லும் குழாய் வழியாகவே போகும். மணிக்கு 500 லிட்டர் தள்ளும் பம்பை மாட்டியவர் 500 லிட்டருக்குத்தான் குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்கு மீட்டர் நேரான, வழவழப்பான குழாய்க்குக் கணக்கிட்டால் வேறுபாடு தெளிவாகிறது. மணிக்கு 255 லிட்டர் ஓட்டத்தில் டேஷ் 6 இழக்கும் அழுத்தம் சுமார் 0.06 பார் (ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) மட்டுமே. ஓட்டம் 500 லிட்டரானால் அந்த இழப்பு 0.2 பாராக உயர்கிறது. அதே ஓட்டத்தில் டேஷ் 8 இழப்பது ஏறத்தாழ 0.07 பார். பல வண்டிகளில் ஏற்கெனவே இருக்கும் 5/16 அங்குல இரும்புக் குழாயையே வைத்துக்கொண்டால், 500 லிட்டரில் ஏறத்தாழ ஒரு பார் பறிபோகும். ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு மூன்று மடங்குக்கும் மேலாகும் என்பதால், சிறிய குழாய் ஓர் எல்லைவரை குறை காட்டாமல் இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று தடையாகிவிடுகிறது. இவற்றோடு ஃபில்டரும் 90 டிகிரி ஃபிட்டிங்குகளும் சேர்க்கும் இழப்பு வேறு.

இந்த இழப்பு எங்கே வலிக்கும் என்பது, எரிபொருள் அழுத்தத்தை நிர்ணயிக்கும் ரெகுலேட்டர் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பகிரும் ரெயிலுக்கு அடுத்து ரெகுலேட்டர் இருந்தால் ரெயில் அழுத்தம் குறையாது. மாறாக, பம்ப் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள நேர்ந்து, அதன் ஓட்டம் குறையும். கார்வெட் சி5 காரின் ஃபில்டரோடு சேர்ந்த ரெகுலேட்டரை டாங்கி அருகே பொருத்துவது எல்எஸ் மாற்றங்களில் மலிவான, பரவலான வழி. அதில் 58 பிஎஸ்ஐ அழுத்தம் டாங்கி அருகிலேயே நிர்ணயிக்கப்படுவதால், குழாயில் இழப்பது அப்படியே ரெயிலில் குறையும். டர்போவின் காற்றழுத்தம் ஏறும்போது அதற்கேற்ப எரிபொருள் அழுத்தத்தை அது உயர்த்துவதும் இல்லை. டர்போ இல்லாத இன்ஜினுக்கு நல்ல தேர்வான அதை, டர்போ இன்ஜினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்செல்லும் குழாயைப் பற்றி இவ்வளவு விவாதிப்பவர்கள் ரிட்டர்ன் லைனை மறந்துவிடுவதுதான் வேடிக்கை. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது பம்ப் தள்ளும் எரிபொருள் அநேகமாக முழுவதும் திரும்பி வருகிறது. திரும்பும் வழி குறுகலாக இருந்தால் ரெகுலேட்டர் முழுதாகத் திறந்திருந்தும் ரெயில் அழுத்தம் வைத்த அளவுக்கு மேல் ஏறிவிடும். 255 லிட்டர் பம்புக்கு டேஷ் 6 ரிட்டர்ன் தாராளம். 500 லிட்டர் பம்புக்கும் ஓட்டம் நேராக இருந்தால் அதுவே போதும். டாங்கிக்கு வெளியே பம்ப் வைப்பவர்கள் உறிஞ்சும் பக்கத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அங்கே அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சூடான பெட்ரோல் ஆவியாகிக் குமிழி விடும்; பம்ப் இரைந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். முன்செல்வது டேஷ் 8 என்றால் உறிஞ்சுவது டேஷ் 10 ஆக இருக்கட்டும். டேஷ் 10 தன் விலைக்கும் பருமனுக்கும் நியாயம் செய்யும் இடம், 1000 குதிரைத்திறனுக்குக் கீழே, அநேகமாக இது ஒன்றுதான்.

பெரும்பங்கு எத்தனால் கலந்த இ85 எரிபொருளைப் பயன்படுத்த நினைத்தால் கணக்கு மாறிவிடும். அதே 700 குதிரைத்திறனுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக, மணிக்கு சுமார் 345 லிட்டர் தேவைப்படும். பம்புக்குச் சற்று உபரித் திறனும் வைத்தால் 450 லிட்டருக்குப் போய்விடும். இங்கே டேஷ் 8 வீண்செலவு ஆகாது. எத்தனாலில் சாதாரண ரப்பர் ஹோஸ் நாளடைவில் கெட்டு, கார் நிறுத்துமிடம் முழுக்க எரிபொருள் வாடை வரும் என்பதால் பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்குழாய் உள்ள ஹோஸையே பலர் எடுக்கிறார்கள். அந்த வகையில் டேஷ் 6-இன் உள்விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர்தான். டேஷ் 8-க்கு 10.3 அளவில் இருக்கும். ஆகவே பிடிஎஃப்இ டேஷ் 6-ஐ ரப்பர் டேஷ் 6-க்குச் சமமாகக் கொள்வது தவறு. ஃபிட்டிங்குகளும் வேறு, இறுக்கி வளைத்தால் உள்குழாய் மடிந்துவிடும். வாங்கும்போது, நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும் கார்பன் கலந்த கறுப்பு உள்குழாய் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.

பெட்ரோலில் 600 குதிரைத்திறன்வரை ரப்பர் டேஷ் 6 முன்செல்லவும், டேஷ் 6 திரும்பவும் வைத்து, மிச்சப்படும் பணத்தை நல்ல ரெகுலேட்டரிலும் பம்பின் மின்கம்பிகளைத் தடிப்பாக மாற்றுவதிலும் போடுவேன். அதற்கு மேலே போவதானாலும், இ85-க்கு மாறும் எண்ணம் இருந்தாலும், முன்செல்வதை மட்டும் டேஷ் 8 ஆக்குவேன்.