நேரடி நாக்-அவுட்டா, குழுச் சுற்றா, ஒரே பட்டியலா? இ.எஃப்.எல். டிராஃபிக்கு எது பொருந்தும்

இங்கிலாந்து கால்பந்தில் லீக் ஒன், லீக் டூ எனும் மூன்றாம், நான்காம் படி கிளப்களுக்கென்று தனியாக இருப்பது ஒரே ஒரு கோப்பைதான்: இ.எஃப்.எல். (இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்) டிராஃபி. 1983-84 சீசனில் தொடங்கியது. ஸ்பான்சர் மாறும்போதெல்லாம் பெயரும் மாறும். ஷெர்பா வேன், ஆட்டோ விண்ட்ஸ்கிரீன்ஸ், ஜான்ஸ்டன்ஸ் பெயிண்ட், செக்காட்ரேட், பாப்பா ஜான்ஸ் என்று பல பெயர்களில் ஓடியிருக்கிறது. ஆனால் ரசிகர்களைப் பிரித்துப் போட்டது பெயர் இல்லை, 2016-இல் வந்த புது அமைப்பு. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சண்டை ஓயவில்லை.

இன்று மூன்று தரப்புகள் இருக்கின்றன. பழைய நேரடி நாக்-அவுட்டுக்கே திரும்பலாம் என்பது ஒன்று. பெரிய கிளப்களின் இளையோர் அணிகளையும் சேர்த்த குழுச் சுற்றே இருக்கட்டும் என்பது இன்னொன்று. சாம்பியன்ஸ் லீக் 2024-25-இல் மாறியதுபோல எல்லாரையும் ஒரே புள்ளிப் பட்டியலில் போடலாம் என்பது புதிதாகக் கிளம்பியிருக்கும் யோசனை. மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, குளிரில், காசு கொடுத்து உள்ளே போய் உட்காருகிறவருக்கு அந்த ஆட்டத்தில் கிடைப்பதற்கோ போவதற்கோ ஏதாவது இருக்கிறதா?

முதலில் பழையது. 48 கிளப்களை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 16 கிளப்களுக்கு முதல் சுற்றில் ‘பை’, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மற்றவர்கள் மோதி, தோற்றவர் வெளியே. வடக்கின் இறுதியும் தெற்கின் இறுதியும் இரண்டு ஆட்டங்களாக நடக்கும், அப்புறம் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் கோப்பைக்கான இறுதி. விதியை ஒரு சின்னப் பையனுக்குக்கூட அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இது சாதாரண விஷயம் இல்லை. தோற்றால் வெளியே என்பது தெரிந்தால் போதும், 70-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கி நிற்கும் அணியைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

இந்த அமைப்பு என்ன தரும் என்று கேட்டால் நான் லூட்டனைத்தான் காட்டுவேன். 2008-09-இல் லூட்டன் டவுன் லீக் டூ சீசனை மைனஸ் 30 புள்ளிகளில் தொடங்கியது. பண விவகாரங்களுக்காக விதிக்கப்பட்ட தண்டனை அது. லீகில் தப்பிக்க வழியே இல்லை, கீழே இறங்குவது கிட்டத்தட்ட முடிவான சங்கதி. அதே சீசனில் இந்தக் கோப்பையில் மட்டும் சுற்றுக்குச் சுற்று தாண்டிக்கொண்டே போனார்கள். தெற்கு இறுதியில் பிரைட்டனைப் பெனால்டியில் வென்றார்கள். 2009 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஒரு டிவிஷன் மேலே இருந்த ஸ்கன்தார்ப்பை எக்ஸ்ட்ரா டைமில் 3-2 என்று வீழ்த்தினார்கள். கிளாட் நக்பா கோல்கீப்பரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்ட அந்த வெற்றி கோலை இன்று பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அடுத்த சீசன் அவர்கள் லீகிலேயே இல்லை. லீக் பட்டியல் பிடுங்கியதை இந்தக் கோப்பை ஒரே மதியத்தில் திருப்பிக் கொடுத்தது.

பழையதில் குறையே இல்லையா? இருந்தது. ஆரம்பச் சுற்றுகளுக்கு அப்போதும் கூட்டம் குறைவுதான், அதை மறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் சுற்றில் வெளியூரில் தோற்ற கிளப்புக்கு ஒரு ஹோம் ஆட்டத்தின் வசூல்கூடக் கிடைக்காது. பை கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே நியாயமும் இல்லை.

2016-17-இல் வந்தது இப்போதைய அமைப்பு. முதல் நிலை அகாடமி (இளையோர் பயிற்சிப் பள்ளி) வைத்திருக்கும் கிளப்களின் இளையோர் அணிகள் 16-ஐச் சேர்த்து மொத்தம் 64 அணி ஆக்கினார்கள். நால்வர் கொண்ட 16 குழு, ஒவ்வொன்றிலும் ஒரு அகாடமி அணி, முதல் இரண்டு இடம் பிடிப்பவர் அடுத்த சுற்றுக்கு. வென்றால் 3 புள்ளி. சமன் என்றால் உடனே பெனால்டி ஷூட்-அவுட், அதில் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1.

இதில் ஒரு கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 16 குழு, குழுவுக்கு ஆறு ஆட்டம், ஆக 96 ஆட்டங்கள். இந்த 96 ஆட்டங்களும் செய்யும் வேலை 64-ஐ 32 ஆக்குவது. நாக்-அவுட்டில் அதே வேலை 32 ஆட்டத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள 64 ஆட்டங்களில் என்ன நடக்கிறது?

அப்படி ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். குழுவின் கடைசி ஆட்டம், இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போவது முன்பே உறுதி. மைதானத்தில் ஒரே ஒரு ஸ்டாண்டை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். எதிரே காலி நாற்காலிகளின் வரிசை. கோல்கீப்பர் தன் டிஃபெண்டர்களைத் திட்டும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழுந்தது. எதிரணி ஓர் அகாடமி அணி, அதற்கென்று ஊர் தாண்டி வந்த ரசிகர் கூட்டம் என்று யாரும் இல்லை. 1-1 என முடிந்தது. பெனால்டிக்கு வரிசை கட்டினார்கள். அடுத்த சுற்றை யார் தன் மைதானத்தில் ஆடுவது என்பது மட்டும்தான் பாக்கி. என் முன்வரிசையில் இருந்த பெரியவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, முதல் பெனால்டி அடிக்கும் முன்பே எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். பெனால்டி ஷூட்-அவுட் தொடங்கப்போகும் நேரத்தில் ஒரு கால்பந்து ரசிகர் எழுந்து போவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

இளையோர் அணிகளைச் சேர்த்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் வெறும் சாக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 18, 19 வயதுப் பையன்கள் தங்கள் வயதினரோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் வளர மாட்டார்கள். வீட்டுக் கடனுக்காக ஆடும் 30 வயது டிஃபெண்டர் தோளால் இடிக்கும்போது வரும் படிப்பு வேறு எங்கும் கிடைக்காது. பின்னாளில் இங்கிலாந்துக்கே ஆடிய புகாயோ சாகாவும் ஆர்சனலின் இளையோர் அணிக்காக இந்தக் கோப்பையில் ஆடியவர்தான். ஆனால் தொடங்கிய வருடத்தில் ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் போன்றவை அழைப்பையே மறுத்துவிட்டன. அந்த இடங்களைக் கீழே உள்ள கிளப்களின் அகாடமிகளை வைத்து நிரப்பினார்கள். ‘பி டீம்’ வேண்டாம் என்று ரசிகர்கள் கோப்பையைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். பெரிய கிளப்களின் இரண்டாம் அணி நாளைக்கு லீகுக்குள்ளேயே நுழைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, ஸ்பெயினில் அதுதான் வழக்கம். 1980-இல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியா, ஸ்பெயினின் தேசியக் கோப்பையான கோபா டெல் ரேயின் இறுதிவரை வந்து, தன் தாய் அணியிடமே 6-1 என்று தோற்றது. பின்னாளில் ஸ்பெயினே அந்தக் கோப்பையிலிருந்து இரண்டாம் அணிகளை விலக்கிவிட்டது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அபராத விவகாரத்தில்தான். கிளப்கள் முதல் அணி வீரர்களில் குறைந்தது இத்தனை பேரை இறக்கியாக வேண்டும் என்று விதி. 2016-இல் அதை மீறியதாக 12 கிளப்களுக்கு அபராதம். லூட்டனுக்கும் போர்ட்ஸ்மத்துக்கும் தலா 15,000 பவுண்டு. லூட்டன் செய்தது என்ன? தன் சொந்த அகாடமிப் பையன்களை இறக்கியது. அவர்களை வைத்துக் குழுவையும் தாண்டியது. இளைஞர்களை வளர்ப்பதற்கென்று மாற்றப்பட்ட போட்டியில், பணக்கார கிளப்பின் பையன் ஆடினால் வளர்ச்சி, சின்ன கிளப்பின் பையன் ஆடினால் குற்றம். பிராட்ஃபோர்டு சிட்டி ஓர் ஆட்டத்தில் விதியின் எண்ணிக்கைக்காக முதல் கோல்கீப்பர் காலின் டாய்லை இறக்கி, மூன்றாவது நிமிடத்தில் வெளியே எடுத்தது. காயம் எதுவும் இல்லை. விதியைப் பிறகு தளர்த்தினார்கள், ஆனால் அந்த மூன்று நிமிடங்கள் இந்த அமைப்பைப் பற்றிச் சொன்னது எனக்குப் போதும்.

குழுச் சுற்று ஆதரவாளர்கள் கையிலெடுக்கும் பெரிய ஆயுதம் 2019 இறுதி. போர்ட்ஸ்மத்தும் சண்டர்லாந்தும் மோதிய அன்று வெம்ப்ளியில் 85,021 பேர், இந்தக் கோப்பையின் சாதனை. அது இரண்டு பெரிய ஊர் கிளப்கள் ஒரே நேரத்தில் லீக் ஒன்னில் மாட்டிக்கொண்டதன் விளைவு. 1988-இல் நான்காம் டிவிஷனில் இருந்த வுல்வ்ஸும் பர்ன்லியும் இறுதியில் ஆடியபோது 80,841 பேர் வந்தார்கள். இறுதிக்கு எந்த அமைப்பிலும் கூட்டம் வரும். அமைப்பின் தரம் தெரிவது செப்டம்பர், அக்டோபர் செவ்வாய்களில்.

2018 அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். லிங்கன் சிட்டி, எதிரே செல்சியின் இளையோர் அணி. 1-1, பெனால்டியில் லிங்கன் தப்பியது. கிளப் வரலாற்றிலேயே முதல்முறையாக வெம்ப்ளிக்குப் போய், ஷ்ரூஸ்பரியை 1-0 என்று வென்று கோப்பையையும் தூக்கியது. அந்த ஷூட்-அவுட் மறுபக்கம் திரும்பியிருந்தால், ஓர் ஊரே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்த நாளை, சில மாதங்களில் வெவ்வேறு கிளப்களுக்குப் பிரிந்து போகப்போகும் பையன்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பையன்கள் மேல் தப்பில்லை. இந்தக் கோப்பை அவர்களுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

ஒரே பட்டியல் யோசனைக்கு நான் அதிக இடம் தரப்போவதில்லை. ஸ்காட்லாந்தின் சேலஞ்ச் கோப்பை 2025-26-இல் அந்தப் பாதைக்கு மாறியது. காகிதத்தில் அழகாக இருக்கும். ஒவ்வோர் ஆட்டமும் வேறு எதிரி, கடைசி இரவுவரை பட்டியல் ஏறி இறங்கும். ஆனால் அந்தச் சுவாரசியம் முழுக்கப் பிற மைதானங்களின் முடிவுகளைப் பொறுத்தது. தான் பார்க்கும் ஆட்டத்தைவிட்டு ஃபோனில் கோல் வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? மூன்று ஆட்டம் மட்டுமே ஆடினால் பட்டியலுக்கு அர்த்தமில்லை, ஆறு ஆட்டம் ஆட 46 லீக் ஆட்டங்கள் கொண்ட சீசனில் இடமில்லை. வடக்கு, தெற்கு பிரிவை எடுத்துவிட்டால் பயணமும் சேரும். தென்மேற்குக் கோடியில் உள்ள பிளிமத்திலிருந்து வடகோடியில் உள்ள கார்லைல் போன்ற ஊருக்கு 600 கி.மீ.க்கு மேல், அதுவும் வார நடுவில். இந்த அமைப்பு தொலைக்காட்சிக்குப் பொருந்தலாம், நான் கேட்ட கேள்விக்குப் பதில் தரவில்லை.

சரி, என் தேர்வு? நாக்-அவுட்தான், ஆனால் 2015-இல் இருந்த அதே வடிவம் இல்லை. 48 லீக் கிளப்களோடு, அகாடமிகள் இப்போது பிடித்திருக்கும் 16 இடங்களை அடுத்த படியில் உள்ள நேஷனல் லீக் கிளப்களுக்குக் கொடுக்கலாம். 64 அணி, ஆறு சுற்று, யாருக்கும் பை இல்லை. மொத்தம் 63 ஆட்டம். இப்போது நடப்பவை 127. இது புதுமையும் இல்லை, 2000-களின் தொடக்கத்தில் சில வருடங்கள் கான்ஃபரன்ஸ் (நேஷனல் லீகின் பழைய பெயர்) கிளப்கள் இந்தக் கோப்பையில் ஆடியிருக்கின்றன. முதல் சுற்றில் கீழே இருக்கும் கிளப்புக்கே சொந்த மைதானம் என்று வைத்தால், நேஷனல் லீக் ஊர்களுக்கு லீக் கிளப் ஒன்று வாசலுக்கே வரும். நேஷனல் லீக் கிளப்களுக்கு எஃப்.ஏ. டிராஃபி என்ற கோப்பை தனியாக இருப்பதால் தேதிகளை இடித்துப் பொருத்த வேண்டியிருக்கும். சிரமம்தான், முடியாதது இல்லை.

உண்மையான முட்டுக்கட்டை பணம். குழுச் சுற்றில் ஒரு வெற்றிக்கு 10,000 பவுண்டு கிடைக்கிறது. காலி ஸ்டாண்டுக்கு முன்னால் ஆடினாலும் கிடைக்கிறது. லீக் டூ கிளப்பின் கணக்குப் பிள்ளைக்கு அது ஒரு வீரரின் பல வாரச் சம்பளம். பிரீமியர் லீக் இந்தக் கோப்பைக்குத் தரும் காசு அகாடமிகள் உள்ளே இருப்பதோடு பிணைந்தது, அவர்கள் போனால் காசும் போகும் என்ற பயத்தில்தான் கிளப்களின் வாக்கெடுப்பில் இந்த அமைப்பு நீடிக்கிறது. அந்தக் கிளப்களை நான் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் பில் கட்ட வேண்டியவர் வேறு மாதிரிதான் யோசிப்பார். ஆனால் மேல்மட்டத்திலிருந்து கீழே வரும் பங்கு பற்றிய பேச்சுவார்த்தை ஒவ்வொரு முறை நடக்கும்போதும் இந்தக் கோப்பையின் தொகையைத் தனியாகக் கேட்கலாம், இளையோர் அணிகளோடு முடிச்சுப் போடாமல். முதல் சுற்றில் தோற்கும் 32 கிளப்களுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை என்று அதிலேயே எழுதி வாங்கலாம். அது கையெழுத்தாகும்வரை குழுச் சுற்றோடுதான் காலம் தள்ள வேண்டும் என்றால், முதல் அணி எண்ணிக்கை விதியையாவது முழுசாகத் தூக்கிவிடுங்கள். லூட்டன் பையன்களும் செல்சி பையன்களோடு ஆடட்டும்.