8 பல்லிலிருந்து 7 பல்லுக்கு: ஸ்னோமொபைலில் தீராத அந்த அதிர்வு

பனியில் ஓடும் ஸ்னோமொபைலில், உயரமான லக் (பனியைப் பற்றும் ரப்பர் முனை) உள்ள ட்ராக்குக்காக (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) அதைச் சுழற்றும் பற்சக்கரமான டிரைவரைச் சின்னதாக மாட்டலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது. ட்ராக்கின் நீளம் 137 அங்குலம், பிட்ச், அதாவது அடுத்தடுத்த பற்கள் பிடிக்கும் இடங்களுக்கு இடையிலான தூரம், 2.86 அங்குலம். முன்பு இருந்தது 1.25 அங்குல லக், 8 பல் டிரைவர். இப்போது 1.75 அங்குல லக், 7 பல்.

ஒரு பல் குறைந்தால் டிரைவரின் ஆரம் சுமார் 11.5 மி.மீ. சுருங்கும். லக்கோ 12.7 மி.மீ. வளர்ந்திருக்கிறது. அதனால் முன்பக்கக் கூலரின் (எஞ்சினைக் குளிர்விக்கும் பகுதி) அருகே இடைவெளி கூடுவதில்லை, ஒரு மி.மீ. போல இழக்கத்தான் செய்கிறோம். வேகத்தில் ட்ராக் வெளியே விரியும் என்பதையும் சேர்த்து அளந்த பிறகே ட்ராக்கை வாங்க வேண்டும். ட்ராக்கை மேலிருந்து மூடும் டனலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை ஒன்றே லக்கைச் சீவிவிடும்.

டிரைவரை ஷாஃப்டில் (டிரைவர்களைத் தாங்கிச் சுழலும் தண்டு) அழுத்தும்போதுதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ஷாஃப்ட் அறுகோணம். 8 பல் டிரைவரை எதிர் முகத்துக்குத் திருப்பிப் போட்டாலும் பற்கள் பக்கத்து டிரைவரோடு நேராகவே நிற்கும், ஏனென்றால் 180 டிகிரிக்குள் சரியாக 4 பல் அடங்கும். 7 பல்லில் அதே தவறு அரைப் பல் விலகலாகிவிடும். டிரைவரில் உள்ள குறிகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தாக வேண்டும். பழைய டிரைவரைக் கழற்றும் முன் இடைவெளிகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் வெளியே வந்த கையோடு பேரிங்குகளையும் மாற்றிவிடுவது நல்லது. புது ட்ராக்கின் அம்புக்குறி ஓடும் திசையைக் காட்டுகிறதா என்பதை ஸ்கிட்டை (ட்ராக்குக்குள் இருக்கும் சஸ்பென்ஷன் சட்டகம்) ஏற்றும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

சின்ன டிரைவரைச் சுற்றிவரக் குறைந்த நீளமே போதும் என்பதால் ட்ராக்கில் ஏறத்தாழ 36 மி.மீ. தொய்வு விழும். பின் அச்சை 18 மி.மீ. போலப் பின்னால் தள்ள வேண்டும், அதற்கு அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். முதல் சில ஓட்டங்களில் புது ட்ராக் மேலும் நீளும்.

கியர் விகிதமும் 12.5 சதவீதம் தாழ்ந்துவிடுகிறது. செயின்கேஸில் (சுழற்சியைச் செயினால் ஷாஃப்டுக்குக் கடத்தும் பெட்டி) மேல், கீழ் பற்சக்கரங்களின் பல் 21/41 என்று இருந்தால், 24/41 போட்டால் பழைய வேகக் கணக்கு அப்படியே திரும்பிவரும். பெரும்பாலும் அதற்கு 2 கண்ணி நீளமான செயின் வேண்டும். ஆழப் பனியில் ஓட்டுபவருக்கு இது தேவையில்லை. அந்தத் தாழ்ந்த விகிதம்தான் இந்த மாற்றத்தின் உண்மையான பரிசு: மேட்டில் நின்ற இடத்திலிருந்தே இழுக்கிறது, எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட்டும் முன்போல் சூடாவதில்லை. ஸ்பீடோமீட்டர் டிரைவ் ஷாஃப்டின் சுற்றை எண்ணுவதால் 80 என்று காட்டும்போது உண்மையில் 70தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அதிர்வு. இறுகிய பாதையில் ஒரே சீராக ஓடும்போது கால்பலகை வழியாக இடைவிடாமல் ஏறிவருகிறது. குறிகள் சரி, ட்ராக் இரு ஸ்லைடுகளுக்கும் (ஸ்கிட்டின் அடியில் ட்ராக் உரசும் பிளாஸ்டிக் பட்டைகள்) நடுவில் ஓடுகிறது, பேரிங் புதுசு. எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை, போகவும் போகாது. கெட்டியான குறுக்குக் கம்பிகள் உள்ள ட்ராக் 8 பக்கத்துக்குப் பதில் 7 பக்கமாக, இன்னும் கூர்மையாக மடிகிறது. பக்கம் குறையக் குறையத் துள்ளல் கூடும். ட்ராக்கை இறுக்கி இதை அடக்கப் பார்ப்பவர்கள் ஸ்லைடையும் பேரிங்கையும்தான் தேய்க்கிறார்கள். தொய்வு அளவு கையேட்டில் சொன்னபடியே இருக்கட்டும்.

இழுவைக்காக நான் மனதாரப் புகழும் மாற்றம் இது. ஆனாலும் நண்பரே, நீங்கள் ஓட்டுவதில் பாதிக்கு மேல் பாதை என்றால் 8 பல்லைத் தொடாதீர்கள். அதற்கு இடிக்காமல் ஓடும் லக் எவ்வளவு உயரமோ, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.