சிங்க முகமூடிக்குள் ஆள் இல்லை: ஆரிஜின்ஸ் விளையாட்டும் தளபதி ஃபிளேவியஸும்

விலை பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறதே, பண்டைய எகிப்தில் நடக்கும் வீடியோ விளையாட்டான அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸை இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரோமானிய அரசியல் சூழ்ச்சிக் கதைகள் என்றால் அவருக்கு உயிர். இந்த விளையாட்டு 2017இல் வெளிவந்ததிலிருந்து என்னிடம் இருக்கிறது. 2022இல் புதிய கன்சோல்களுக்கு நொடிக்கு 60 ஃபிரேம் புதுப்பிப்பு வந்தபோது முழுக் கதையையும் மறுபடி முதலிலிருந்து ஆடினேன். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் தலைமை வில்லன் ஃபிளேவியஸ் மெட்டலஸின் பெயர் நினைவுக்கு வந்ததும் அடங்கிக் கிடந்த கோபம் கிளம்பிவிட்டது. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

கதையின் வேர் சீவா பாலைவனச் சோலையில் இருக்கிறது. அமுன் கோயிலின் நிலவறைக்குள் முகமூடி மனிதர்கள் நாம் ஆடும் நாயகன் பாயெக்கையும் அவனுடைய சிறுவன் கேமுவையும் இழுத்து வருகிறார்கள். நிலவறையின் ரகசியத்தைத் திறக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள். கைகலப்பில், பாயெக் பிடித்திருக்கும் கத்தியே மகனின் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. எகிப்து முழுவதும் நாம் தேடி அலைவது அந்த முகமூடிகளுக்குப் பின்னால் இருந்தவர்களைத்தான். கடைசி முகமூடி சிங்கம். அதை அணிந்திருந்தவன் ரோமானியத் தளபதி ஃபிளேவியஸ்.

இந்த விளையாட்டைச் செய்த குழுவுக்கு வில்லன்களை உருவாக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. லெட்டோபொலிஸ் நகரில் தகர்க்கா என்றொருவன் வருகிறான். மணல் மூடிய ஊரை மீட்டுக் கட்டுகிறவன், குடும்பஸ்தன், இன்முகத்தோடு வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறவன். அந்த விருந்துக்குப் பிறகு பாயெக் கண் விழிக்கும்போது கழுத்துவரை பாலைவன மணலில் புதைக்கப்பட்டிருக்கிறான். 'ஸ்காரப் வண்டு' என்ற பெயரில் ஊரை நடுங்க வைத்தவன் இவன்தான் என்பது அந்தக் கணத்தில் நமக்கே உறைக்கிறது. யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. ஃபாயூமில் 'முதலை' என்ற பெயரில் மறைந்திருப்பவள் ஒரு சிறுமியைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்கிறாள். அதற்கு முன் அந்தச் சிறுமியோடு நாம் பேசிப் பழகியிருக்கிறோம். அதனால்தான் முதலையைத் தேடிப் போகும்போது கை பதறுகிறது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிற ஃபிளேவியஸ் என்ன செய்கிறான்? சீசரின் பக்கத்தில் நிற்கிறான். அவ்வளவுதான். அலெக்ஸாண்டிரியாவில் சீசர் வந்து இறங்கிய பிறகு, அவர் பின்னால் நிற்கும் அதிகாரிகளில் ஒருவனாகத் தென்படுகிறான். ஒரு கடிதம் திருத்துவதில்லை, ஒருவரை இன்னொருவருக்கு எதிராகத் திருப்புவதில்லை, சீசரின் காதில் நாம் கேட்கும்படி ஒரு நஞ்சை ஊற்றுவதில்லை. நைல் போர் முடிந்த பிறகு, குத்துப்பட்டுச் சாகக் கிடக்கும் கிளியோபாட்ராவின் ஆள் அப்பலோடோரஸ் சொல்லித்தான் அவன்தான் சிங்கம் என்று தெரிகிறது. இதற்காகவா இத்தனை நேரம் அலைந்தோம்? பிறகு சீவாவுக்கு ஓடினால், பாயெக்கின் பால்ய நண்பன் ஹெப்சேஃபா அங்கே பிணமாகக் கிடக்கிறான். அந்தக் கொலையும் நாம் இல்லாத நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது.

சூழ்ச்சிக்காரன் என்றால் சூழ்ச்சியை ஆடுகிறவன் பார்க்க வேண்டும். ஏமாற வேண்டும், பிறகு பின்னோக்கி யோசித்துப் பல்லைக் கடிக்க வேண்டும். தகர்க்காவிடம் அது நடந்தது. ஃபிளேவியஸிடம் நடக்கவே இல்லை. இதில் இன்னொரு வதையும் சேர்ந்துகொள்கிறது. முதன்மைக் கதையில் அடுத்த படிக்குப் போக நம் பாத்திரத்தின் நிலை (லெவல்) போதாது என்று விளையாட்டு அடிக்கடி தடுக்கும். பக்கக் கதைகளில் பல மணி நேரம் போய்விடும். திரும்பி வரும்போது அவன் முகமே நினைவில் இருக்காது. நான் இரண்டாம் முறை ஆடியபோது அவன் வரும் காட்சிகளைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாகவே உட்கார்ந்தேன். கவனிக்க அங்கே ஒன்றும் இல்லை.

என் ஆத்திரத்துக்கு முக்கியக் காரணம், கற்பனையில் பிறந்த ஃபிளேவியஸுக்குப் பக்கத்திலேயே வரலாறு கொடுத்த ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்பதுதான். லூசியஸ் செப்டிமியஸ். கி.மு. 55இல் ரோமானிய ஆளுநர் கபினியஸ், விரட்டப்பட்ட எகிப்திய அரசர் 12ஆம் தாலமியை மறுபடி அரியணையில் ஏற்றிவிட்டு, ஒரு படையை எகிப்திலேயே விட்டுச் சென்றார். அந்த வீரர்கள் அங்கேயே திருமணம் செய்துகொண்டு ஊன்றிவிட்டார்கள். கபினியானி எனப்பட்ட அந்தப் படையைச் சேர்ந்தவன் செப்டிமியஸ். அதற்கும் முன்பு, பின்னாளில் சீசரின் எதிரியான ரோமானியத் தளபதி பாம்பேயின் கீழ் பணியாற்றியவன். கி.மு. 48இல் ஃபார்சாலஸ் போரில் சீசரிடம் தோற்றுத் தப்பி வந்த பாம்பே, எகிப்தின் பெலூசியம் கடற்கரையில் தன்னை அழைத்துப் போக வந்த சிறு படகில் ஏறுகிறார். பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுவது இது: படகில் யாரும் பேசவில்லை. பாம்பே செப்டிமியஸைப் பார்த்து, நீ என்னோடு பணியாற்றியவன் இல்லையா என்கிறார். அவன் வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைக்கிறான். 12ஆம் தாலமியின் மகனான இளம் அரசன் தாலமியிடம் பேசுவதற்காகக் கிரேக்கத்தில் எழுதி வைத்திருந்த உரையை பாம்பே எடுத்துப் படிக்கத் தொடங்குகிறார். கரை வந்து அவர் எழுந்திருக்கும்போது முதல் குத்து முதுகில் விழுகிறது, குத்தியவன் செப்டிமியஸ். கப்பலில் இருந்தபடி பாம்பேயின் மனைவி கொர்னீலியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு காட்சி கையில் இருந்தும் விளையாட்டு அதைக் காட்டவில்லை. நாம் போய்ச் சேரும்போது தலையில்லாத உடல்தான் கிடக்கிறது. செப்டிமியஸ் வெறும் அடியாளாகச் சுருங்கிவிடுகிறான். மேலே ஒரு பெரிய மூளை வேண்டும் என்பதற்காக ஃபிளேவியஸைக் கொண்டுவந்து, அவனுக்கு அந்த மூளையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள். செப்டிமியஸுக்காவது ரோமில் பாயெக்கின் மனைவி ஆயாவின் கையால் சாகும் முடிவு கிடைக்கிறது. அந்தச் சண்டையில் சினம் இருக்கிறது.

ஃபிளேவியஸின் முடிவு எகிப்துக்கு மேற்கே உள்ள சைரீனில். பசுமையும் குன்றுகளுமாக, மணலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்குக் குளிர்ச்சியான நிலம். கி.மு. 96இல் அதன் கடைசி அரசன் தாலமி அப்பியன் உயில் எழுதி ரோமுக்குக் கொடுத்துவிட்ட நாடு, கி.மு. 74இல் ரோமானிய மாகாணமாயிற்று. ஒரு ரோமானியத் தளபதி தனக்கென அதிகாரத்தைத் திரட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வரிவசூல், படையின் சம்பளம், உள்ளூர்ப் பிரபுக்கள் என்று எதைத் தொட்டிருந்தாலும் கதை பிறந்திருக்கும். ஃபிளேவியஸோ ஏதேன் கனி என்ற மந்திரப் பொருளை வைத்து மக்களின் மனத்தை வசப்படுத்துகிறான், இறுதிச் சண்டையில் அதன் ஒளியைப் பாய்ச்சித் தாக்குகிறான். மந்திரப் பொருள் கையில் இருப்பவனுக்குச் சூழ்ச்சி எதற்கு? தளபதி என்ற பதவிதான் எதற்கு?

ஆனால் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து எகிப்தை இதைவிட அழகாக நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. 2018இல் சேர்க்கப்பட்ட டிஸ்கவரி டூர் பகுதியில் சண்டையே இல்லாமல் அலெக்ஸாண்டிரியா தெருக்களில் நடக்கலாம்; இன்றும் அதற்காக விளையாட்டைத் திறக்கிறேன். பாயெக்குக்குக் குரல் கொடுத்த அபூபக்கர் சலீம் ஒரு பேறு. பாலைவனத்தில் ஆங்காங்கே கல்வட்டங்கள் உண்டு. அங்கே பாயெக் நட்சத்திரங்களை உரிய வடிவத்தில் பொருத்திப் பார்ப்பான். கேமுவோடு அதே வானத்தைப் பார்த்த இரவுகள் அவன் பேச்சில் வரும். மகனைப் பறிகொடுத்த தகப்பனின் குரல் அப்படித்தான் இருக்கும். அந்தத் துக்கத்தை இவ்வளவு உண்மையாகச் செய்தவர்கள், அதற்குக் காரணமானவனை இவ்வளவு வெறுமையாக விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். எகிப்தைப் பார்க்க ஆசை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரட்டும், நாள் முழுக்க ஆடட்டும். ரோமானியச் சூழ்ச்சிக்காக என்றால், இப்போதைய விலைக்குக்கூட இது தகாது.