ஒரே பாட்டு, இரண்டு ஸ்பீக்கர்: லினக்ஸில் எதை நம்பலாம்?

ஒரே லினக்ஸ் கணினியில் இரண்டு இணைப்பு: ஹாலில் எச்டிஎம்ஐ கேபிளில் டிவி, சமையலறையில் யூஎஸ்பி ஸ்பீக்கர். இரண்டிலும் ஒரே பாட்டு. ஹாலில் உட்கார்ந்தால் எந்தக் குறையும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே வாசற்படியில் நின்று கேளுங்கள்: மிருதங்கத்தின் ஒவ்வொரு தட்டும் இரண்டு தட்டாக விழும்.

இதற்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, மாறாத தாமதம். டிவி ஒலியைக் கொஞ்சம் பிடித்து வைத்துத்தான் விடும். இன்னொன்று நழுவல். ஒவ்வொரு சவுண்ட் கார்டும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டிலும் 48000 ஹெர்ட்ஸ் என்று இருந்தாலும் அச்சு அசல் சமமாக இருக்காது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் போதும், ஒரு மணி நேரத்தில் 180 மில்லி விநாடி விலகிவிடும். எந்த வழி எந்தக் கோளாறைத் தீர்க்கிறது என்று பார்த்தால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம்.

அல்சா என்பது லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கு. அதன் மல்ட்டி பிளகின் இரண்டையுமே தீர்க்காது. பல கார்டுகளை ஒன்றாகக் காட்டும், அவ்வளவுதான். ஒரே கடிகாரத்தைப் பகிரும் கார்டுகளுக்குச் சரி. டிவியும் யூஎஸ்பியும் சேர்ந்தால் வேண்டாம்.

அல்சாவுக்கு மேலே ஓடும் ஒலிச் சேவை பல்ஸ்ஆடியோ. பல வெளியீடுகளை ஒன்றாக்கும் அதன் கம்பைன் சிங்க் நல்ல வேலைக்காரன். அவ்வப்போது ஒவ்வொரு சாதனத்தின் தாமதத்தையும் அளந்து, வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டிக் குறைத்து நழுவலைப் பிடித்துவிடும். பேப்ரெஃப்ஸ் என்ற அதன் அமைப்புச் செயலியில் ஒரு டிக் போட்டால் தயார். பழைய கணினியில் இது ஒழுங்காக ஓடுகிறது என்றால் மாற்றவே வேண்டாம்.

இப்போது பெரும்பாலும் பல்ஸ்ஆடியோவின் இடத்துக்கு வந்த பைப்வயர்தான். ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 முதல் ஒலிக்கு அதுவே இயல்பு. இதில் ஒரு சாதனம் தாளம் போடும், மற்றவை அதற்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். அதனால் இணைப்புகளைப் படமாகக் காட்டும் கியூபிடபிள்யூகிராஃப் செயலியில் கையால் இரண்டு பக்கமும் வயர் இழுத்தாலே நழுவல் போய்விடும். ஆனால் மாறாத தாமதம் அப்படியே நிற்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அதற்குக் கம்பைன் ஸ்ட்ரீம் மாட்யூலைப் போட்டு, அதில் தாமத ஈடுகட்டலையும் இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். அமைப்புக் கோப்பைத் தொடத் தயங்காதவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், எந்த மென்பொருளும் டிவிக்குள் எட்டிப் பார்க்காது. அந்தத் தாமதத்தை நாம்தான் சொல்ல வேண்டும். பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில், டிவி வெளியீட்டுக்கான மேம்பட்ட அமைப்பில், தாமத ஈடு என்ற பெட்டி இருக்கிறது. டிக் டிக் என்று தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு 100 மில்லி விநாடி என்று போட்டுப் பாருங்கள், பிறகு பத்துப் பத்தாக ஏற்றுங்கள். இரண்டு டிக் ஒன்றாக ஒட்டும் இடம் காதுக்குச் சட்டென்று பிடிபடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நின்று செய்யுங்கள். ஒலி 5 மீட்டர் கடக்கவே சுமார் 15 மில்லி விநாடி ஆகும்.

ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனிக் கணினியில் என்றால், நெட்வொர்க் வழியே ஒலியை ஒத்திசைத்து அனுப்பும் ஸ்னாப்காஸ்ட். அது இந்த வேலைக்கென்றே பிறந்தது.

புளூடூத்தை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதன் தாமதம் 100, 200 மில்லி விநாடி என்று பெரிது என்பதுகூட இரண்டாம்பட்சம். துண்டித்து மறுபடி இணைக்கும்போது அது மாறிவிடக்கூடும். நேற்று காதால் பிடித்த எண் இன்று பொருந்தாமல் போகும்.