உம்பளாச்சேரிக் கன்று என்று சொல்லி ஜெர்சிக் கலப்பைத் தள்ளுகிறார்கள், உஷார்

திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் கன்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். உம்பளாச்சேரி இந்தப் பக்கத்து நாட்டு மாட்டினம், ஜெர்சி வெளிநாட்டுக் கறவை இனம். "உம்பளாச்சேரி ரத்தம், ஈ அண்டாது" என்று சொல்லிப் பழுப்புக் கிடாரிக் கன்றுகளைக் கூடுதல் விலைக்குத் தள்ளுகிறார்கள். எட்டு மாதம் தீனி போட்ட பிறகுதான் ஜெர்சிக் கலப்பு என்று தெரிகிறது. அப்போது தரகர் போனை எடுப்பதில்லை.

ஏமாற்று நடப்பது நிறத்தில். அசல் உம்பளாச்சேரிக் கன்று சாம்பலாகப் பிறக்காது. சிவப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். ஜெர்சிக் கலப்பிலும் பழுப்புக் கன்று சகஜம். "ஆறு மாசம் பொறுங்க, நிறம் மாறிடும்" என்ற ஒரு வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஆகவே பழுப்பைப் பார்க்காதீர்கள், வெள்ளையைத் தேடுங்கள். நெற்றியில் வெள்ளை, கால்களில் காலுறை போட்டதுபோல் வெள்ளை, வால் நுனியில் வெள்ளை. இவை பிறக்கும்போதே இருக்கும். குளம்பு முழுதாகவோ பாதியாகவோ வெளுத்திருக்கும். கண்களுக்கு நடுவே முகம் குழிந்து, கண் பிதுங்கி, திமில் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தால் விலையே பேசாதீர்கள். கலப்புக் கன்றிலும் ஒன்றிரண்டு வெள்ளை வரலாம் என்பதால் தாயையும் காட்டச் சொல்லுங்கள். "தாயை வித்தாச்சு" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஈ அண்டாத மாடு என்று எந்த இனத்திலும் கிடையாது. நாட்டு மாட்டுக்குக் கடி ஈயின் தொல்லை குறைவு, அவ்வளவுதான். முடி குட்டையாகப் படிந்திருக்கும். ஈ உட்கார்ந்த இடத்தில் தோலுக்கடியிலுள்ள தசை சிலிர்த்து உதறும். ஜெர்சி ரத்தம் கூடக்கூட இந்தக் குணம் குறையும். பாதி ஜெர்சியான பசுவுக்கு மறுபடி ஜெர்சிச் சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துவது) போட்டால் கன்றில் முக்கால் பங்கு ஜெர்சி. உம்பளாச்சேரி ஊசி போட்டால் கால் பங்கு. ஒரே இனத்திலும் மாட்டுக்கு மாடு வித்தியாசம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சந்தையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. விடியற்காலையில் பூச்சிமருந்தோ வேப்பெண்ணெயோ அடித்துவிட்டு, "பாருங்க, ஒரு ஈ இல்லை" என்பார்கள். உள்ளங்கையால் முதுகைத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பிசுக்கும் நெடியும் இருந்தால் அந்தக் காட்சி செல்லாது. நியாயமாகச் சோதிக்க வேண்டுமானால், மருந்து படாத மாட்டை உங்கள் மாட்டின் பக்கத்தில் கட்டி, முன்னங்கால்களில் முட்டிக்குக் கீழே எண்ணுங்கள். தொழுவத்துக் கடி ஈ அங்கேதான் உட்காரும், பெரும்பாலும் தலை மேல்நோக்கி. ஒரு காலில் ஐந்துக்கு மேல் நின்றாலே மாடு ஓயாமல் காலை உதைக்கும், மேய்ச்சலும் பாலும் கெடும். இரண்டு மூன்று நாள் எண்ணிய பிறகு முடிவெடுங்கள்.

சினை ஊசியிலும் இதே மோசடிதான். உம்பளாச்சேரிக்குப் பணம் வாங்கிவிட்டு, கையில் இருக்கும் ஜெர்சி விந்துக் குச்சியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். உறைவிந்துக் குச்சியின் மேலேயே காளையின் எண்ணும் இனமும் அச்சாகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்ததும், ஊசியில் ஏற்றும் முன் காட்டச் சொல்லிப் படியுங்கள், ஊசி போட்டதும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கித் தேதி எழுதி வையுங்கள். மாட்டின் காதிலுள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணில் ஊசியைப் பதியச் சொல்லுங்கள். பதிய மறுப்பவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கன்றை அடிமாட்டுக்குத் தள்ள வேண்டாம். பருவத்துக்கு வந்ததும் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு உம்பளாச்சேரி ஊசி போடுங்கள்; அடுத்த ஈற்றில் ஜெர்சிப் பங்கு பாதியாகக் குறையும். அதுவரை தொழுவத்தைக் கவனியுங்கள். சாணமும் மூத்திரமும் ஊறி மக்கும் வைக்கோலில்தான் இந்தக் கடி ஈ முட்டையிடும். வெயில் காலத்தில் சுமார் மூன்று வாரத்தில் புது ஈ பறக்கும். தீனித்தொட்டி அடியில் கிடக்கும் ஈர வைக்கோலை வாரம் ஒருமுறை முழுதாக வழித்து, வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிடுங்கள்.