பழைய கார்டன் டிராக்டர்ல பேட்டரி சார்ஜ் ஏறலையா? பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தை பாருங்க

ஈசிஆர்ல உத்தண்டி பக்கம் ஒரு பெரிய தோட்டத்தோட பராமரிப்பு என் பொறுப்பு. அங்க ஓடுறது வெளிநாட்டுல இருந்து செகண்ட் ஹேண்டா வந்த கார்டன் டிராக்டர், சீட்ல உக்காந்து ஓட்டுற டைப், ஒத்த சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், வயித்துக்கு அடியில புல்லு வெட்டுற பிளேடு. பல வருஷமா ஓட்டிட்டோம். கம்பெனி பேர் வேணாம், இந்த சைஸ் வண்டிங்கள்ல சார்ஜிங் சமாச்சாரம் ஏறக்குறைய ஒரே மாதிரி தான். வெட்டுற வேலைல குறையே சொல்ல மாட்டேன், மழை முடிஞ்சு ஜனவரில கோரை மண்டி நிக்கும்போது கூட அசராம போகும். படுத்தினது கரண்ட் சைடு மட்டும் தான்.

காலைல சாவிய திருப்பினா செல்ஃப் சுத்தாது, செல்ஃபுக்கு கரண்ட் விடுற சுவிட்ச், அதான் சோலனாய்டு, அது மட்டும் டக்குனு ஒரு சத்தம் குடுத்துட்டு அமைதியாயிடும். வெளி சார்ஜர் போட்டா ஸ்டார்ட் ஆகும், வெட்டி முடிச்சு நிறுத்திட்டு சாப்பிட்டு வந்தா மறுபடி அதே டக்கு. பேட்டரி கடைல காட்டினா "பேட்டரி போச்சு சார், வேற போட்டுடுங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. விக்கிறவர் வேற என்ன சொல்வாரு. ஆனா வண்டில சார்ஜே ஏறலன்னா புதுசு போட்டாலும் அதுவும் சீக்கிரமே படுத்துடுமே, அதனால ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சாதா மல்டிமீட்டர எடுத்துட்டு உக்காந்தேன்.

நல்லா சார்ஜ் ஆகி ஓய்வா இருக்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின ஓடவிட்டு த்ராட்டில முழுசா ஏத்தினா அதே டெர்மினல்ல 13.8லேர்ந்து 14.5 வாக்குல வரணும். எனக்கு 12.3ல நின்னுச்சு, பிளேட இன்ஜினோட சேர்க்கிற எலக்ட்ரிக் கிளட்ச ஆன் பண்ணா இன்னும் இறங்குச்சு. ஆக சார்ஜ் சுத்தமா இல்ல.

இந்த வண்டிங்கள்ல கார் மாதிரி தனியா ஆல்டர்னேட்டர் கிடையாது. இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரம், அதான் ஃப்ளைவீல், அதோட உள்பக்கம் காந்தம், அதுக்குள்ள ஸ்டேட்டர் காயில், அதுல வர்ற ஏசி கரண்ட்ட டிசியா மாத்தி அளவா அனுப்புறது பக்கத்துல போல்ட் பண்ணிருக்கிற சின்ன அலுமினிய டப்பா, நம்ம பைக் மெக்கானிக்குங்க ஆர்ஆர் (ரெகுலேட்டர் ரெக்டிஃபயர்) யூனிட்னு சொல்றது. இதோட கனெக்டர கழட்டிட்டு காயில்லேர்ந்து வர்ற ரெண்டு ஒயர்லயும் மீட்டர ஏசில வச்சு ஃபுல் த்ராட்டில்ல பார்த்தா 30 வோல்ட்டுக்கு மேல வந்துச்சு. 15 ஆம்ப் சிஸ்டத்துக்கு 28 வந்தாலே போதும், அப்போ காயிலும் காந்தமும் பாஸ். பேட்டரிக்கு போற ஒயர்ல சாவி ஆன்ல 12 வோல்ட் இருந்துச்சு, ஃப்யூஸும் சாவி சுவிட்சும் பாஸ். மிச்சம் இருக்கிறது ஆர்ஆர் தான்னு இங்க நிறைய பேர் உடனே அத மாத்திடுவாங்க, பழைய மாடலுக்கு அது இங்க லேசுல கிடைக்கவும் கிடைக்காது.

என் வண்டில இருக்கிற மாதிரி பல மாடல்ல அந்த டப்பாவுக்கு எர்த் ஒயரே, அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்புற ஒயரே கிடையாது! அது மாட்டியிருக்கிற ஸ்க்ரூவும் அது உக்காந்திருக்கிற தகரமும் தான் எர்த். கடல் காத்துல அந்த தகரம் என்ன ஆகும்னு ஈசிஆர்ல கேட் வச்சிருக்கிற யாரை கேட்டாலும் சொல்வாங்க. பேட்டரிய கழட்டிட்டு டப்பா பாடிக்கும் நெகட்டிவ் கேபிள் முனைக்கும் நடுவுல ஓம்ஸ் பார்த்தேன், கிட்டத்தட்ட ஜீரோ வரவேண்டிய எடத்துல நம்பர் ஏறி இறங்கி ஆடிட்டே இருந்துச்சு. ஸ்க்ரூவ கழட்டினா கீழ பூரா துரு. எமரி பேப்பர் போட்டு பளிச்சுனு தேச்சு, நட்சத்திர வாஷர் வச்சு முறுக்கி, பத்தாததுக்கு டப்பாலேர்ந்து இன்ஜின் பிளாக்குக்கு தனியா ஒரு தடி ஒயர் இழுத்தேன். ஸ்டார்ட் பண்ணா 14.1. பேட்டரி அதே பழைய பேட்டரி.

ஒரு எச்சரிக்கை, இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயர கழட்டி "ஓடுது பாருங்க, டைனமோ நல்லா இருக்கு"ன்னு சோதிக்கிற பழைய மெக்கானிக்குங்க இன்னமும் இருக்காங்க, செய்யவிடாதீங்க. பேட்டரி தாங்கிப்பிடிக்காதப்போ வோல்டேஜ் எகிறி நல்லா இருக்கிற ஆர்ஆரும் போயிடலாம்.

அப்புறம் த்ராட்டில் விஷயம். தோட்டக்கார அண்ணன் பெட்ரோல் மிச்சம் பிடிக்க பாதி த்ராட்டில்லயே வெட்டுவாரு. "அண்ணே, முழுசா ஏத்துங்க"ன்னா "எதுக்கு தம்பி அவ்ளோ கத்தவிடணும்"னு கேப்பாரு. ஆனா சுத்து குறைஞ்சா காயில் தர்ற கரண்ட்டும் குறையும், எலக்ட்ரிக் பிளேடு கிளட்ச் மட்டுமே 4 ஆம்ப் வாக்குல இழுக்கும், போதாக்குறைக்கு காத்துல கூல் ஆகுற இன்ஜின், ஃபேன் மெதுவா சுத்தினா சூடு வேற. மீட்டர அவர் கையிலயே குடுத்து த்ராட்டில ஏத்தி எறக்கி காட்டின பிறகு தான் ஒத்துக்கிட்டாரு.

கொஞ்ச மாசம் கழிச்சு திரும்ப டவுன் ஆச்சு, ஆனா இந்த தடவை ஓடும்போது 14 சரியா வருது, நிறுத்தி வச்சா தான் இறங்குது. யாரோ மொபைல் சார்ஜர் பாயிண்ட் ஒண்ண சாவி வழியா இல்லாம நேரா பேட்டரில குடுத்திருந்தாங்க. அத எடுத்துட்டு நெகட்டிவ்ல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டாச்சு. அக்னி நட்சத்திர வெயில்ல ஷெட்டுக்குள்ள சும்மா கிடந்தாலே பேட்டரி தானா இறங்கும், அதனால மே மாசம் வெட்டுறதுக்கு புல்லு இல்லன்னாலும் அப்பப்போ சார்ஜர் போட்டு வைக்கிறோம்.

கடைசில அந்த பழைய பேட்டரி வயசாகி மாத்த வேண்டி வந்தப்போ ஒரிஜினல் சைஸ் இங்க கிடைக்கல, சின்ன கார்ல போடுற 35 ஏஎச் (ஆம்ப் ஹவர்) பேட்டரி வாங்கினோம். நீள அகலம் பொருந்திடுச்சு, உயரம் தான் ஜாஸ்தி, பேட்டரி சீட்டுக்கு அடியில இருக்கிறதால ஆள் உக்காந்தா சீட்டோட இரும்பு டெர்மினல்ல இடிக்கிற அளவுக்கு வந்துச்சு, ட்ரேய இறக்கி வெல்ட் பண்ணி மேல தடி ரப்பர் ஷீட்டும் போட்டோம். வாங்கும்போது ப்ளஸ் எந்த பக்கம்னும் பார்த்துக்கோங்க, மாறி இருந்தா கேபிள் எட்டாது, இழுத்து தப்பா மாட்டினா ஆர்ஆர் அங்கேயே காலி.